எட்டு வீட்டுக்கு ஒரு வீடு

உங்களில் யாரிடமாவது ஏதாவது ரூபாய் நோட்டு இருக்கிறதா? இப்போது எல்லாரும் டீ குடித்தால்கூட போனை நீட்டிக் காசு கொடுக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். இருந்தால் எடுத்து, அதில் அச்சடித்திருக்கும் எண்ணில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். நாங்கள் களத்துக்குப் போன காலத்தில் அதை வைத்துத்தான் எந்த வீட்டில் தொடங்குவது என்று முடிவு செய்வோம். அதற்கென்று எண்கள் அச்சடித்த ஒரு புத்தகம் அலுவலகத்தில் உண்டு. அது யாராவது ஒருவருடைய மேசைக்குள் பூட்டி இருக்கும், அவர் அன்றைக்கு லீவில் இருப்பார். ரூபாய் நோட்டு அப்படியில்லை. அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. அந்த வழக்கத்தில் தப்பில்லை, இன்றும் சொல்கிறேன், தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அந்த விஷயம் இன்னும் விளங்காமல் கிடக்கிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் புள்ளிவிவரம் சேகரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பல வருஷங்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் அலுவலகத்தில்தான் என் நாற்காலி. வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் சாதனைகளைச் சொல்லச் சொல்லி என்னை அழைத்தார்கள். சாதனை என்று எடுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குழப்பம் வேண்டுமானால் நிறைய இருக்கிறது. அதில் பெரிய குழப்பம் ஒன்றைச் சொல்கிறேன். நடுவில் என் குரல் உயர்ந்தால் கண்டுகொள்ளாதீர்கள். எனக்குச் சீக்கிரம் கோபம் வரும், என்னோடு வேலை பார்த்த கோமதியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள்.

ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு நடந்தது. ஊரின் பெயரைச் சொல்லலாம், நகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். மல்லிகை நகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலைக்கு ஓரத்தில், கரும்பு போட்டிருந்த நிலத்தை மனை பிரித்து விற்ற இடம். அடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி முப்பது வரிசை, வரிசைக்கு எட்டு வீடு, மொத்தம் இருநூற்று நாற்பது. அந்தக் கோடையில் குழாயில் காற்றுதான் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி லாரி போய்க்கொண்டிருந்தது. லாரிகள் போதவில்லை. எங்கே தேவை ஜாஸ்தி, எங்கே கம்மி என்று பார்த்துப் பிரித்து அனுப்ப வேண்டும், எந்தெந்த நகரில் எத்தனை வீடுகளில் சொந்தமாக ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், இருக்கிறது என்று ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று எங்களிடம் கேட்டார்கள்.

இருநூற்று நாற்பது வீட்டுக்கும் ஏறி இறங்க ஆள் ஏது? இருந்தது கோமதி ஒருத்தி. அவளுக்கும் மல்லிகை நகரைத் தவிர இன்னும் நாலு இடம் பாக்கி. முப்பது வீடு பார்த்தால் போதும் என்று நான் முடிவு செய்தேன். அதாவது எட்டு வீட்டுக்கு ஒரு வீடு. எந்த வீட்டில் ஆரம்பிப்பது? பையிலிருந்து நோட்டை எடுத்தேன், கடைசி இலக்கம் எட்டு. எட்டாவது வீடு, பதினாறாவது வீடு, இருபத்து நான்காவது வீடு என்று எட்டெட்டாகத் தாண்டிப் பட்டியல் எழுதினேன். முப்பது வீடும் நகர் முழுக்கப் பரவி, வரிசைக்கு ஒன்றாகக் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. ஒரு வரிசைகூட விடுபடவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். கண்டுபிடித்துவிட்டீர்களா? நல்லது. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், எனக்குக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

கோமதி போய் வந்தாள். முப்பதில் இருபத்தேழு வீடுகளில் போர் இருந்தது. தொண்ணூறு சதவீதம். நான் அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நாலு நாளில் மல்லிகை நகருக்குப் போன லாரி நின்றது. அது வேறு பக்கம் திருப்பிவிடப்பட்டது என்று கேள்விப்பட்டபோது, நம் கணக்குக்கு இவ்வளவு சீக்கிரம் மரியாதை கிடைக்கிறதே என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வியர்வையில் முதுகு முழுக்க நனைந்திருந்தது. பெயர் மலர்க்கொடி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை. கணவர் இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. வந்தவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"எங்க நகர்ல எல்லார் வூட்லயும் போர் இருக்குதுனு எழுதிக் குடுத்தது யாரு மேடம்?"

"நான்தான். எல்லார் வீட்லயும்னு எழுதல. நூத்துக்குத் தொண்ணூறுனு எழுதினேன்."

"எங்க வரிசைல ஆறு வூட்ல இல்ல மேடம். பக்கத்து வரிசைலயும் அப்படித்தான். எம் பொண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக் கொழந்தை எடுத்திருக்காங்க. மொதப் பிரசவம், எங்கிட்டதான் வந்திருக்கா. பதினோரு நாள் கொழந்தை. துணி தொவைக்கத் தண்ணி இல்ல. விடுதிலேர்ந்து ரெண்டு கேன் மொபெட்ல வச்சு எடுத்தாறேன். அவங்களும் எத்தினி நாளு குடுப்பாங்க?"

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வரும். அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நம் தொழிலில் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்களே, ஒருத்தர் கதையை வைத்து ஊரைப் பற்றி முடிவு செய்யாதே என்று, அதை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன்.

"இங்க பாரும்மா. உங்க வீட்ல போர் இல்லாம இருக்கலாம், நான் இல்லைனு சொல்லல. தொண்ணூறு போக மீதி பத்து பேர்ல நீங்க ஒருத்தர். உங்க ஒரு வீட்ட வச்சு நாங்க கணக்க மாத்த முடியாது."

"நீங்க எங்க வூட்டுக்கு வரவே இல்லையே மேடம்."

"எல்லார் வீட்டுக்கும் வர மாட்டோம். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இன்னா முறையோ" என்று முனகிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. நான் அவளிடம் சொன்னது தப்பா? பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், தப்பில்லை. பத்து வீட்டில் ஒரு வீட்டுக்காரி வந்து சண்டை போடத்தான் செய்வாள், போர் இருக்கிற ஒன்பது பேர் ஏன் வரப்போகிறார்கள்? ஆனால் அவள் "பக்கத்து வரிசைலயும்" என்றாளே. அது என்னை அரித்தது. மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போகாமல் நேராக மல்லிகை நகர் போனேன். முனையில் இருந்த அடிபம்பில் பெண்கள் நின்றார்கள். ஐந்தாறு பேர் அல்ல. நான் எண்ணியபோது நாற்பதைத் தாண்டியது. தொண்ணூறு சதவீத வீடுகளில் போர் இருந்தால் மீதி இருபத்து நாலு வீடுதான். இருபத்து நாலு வீட்டிலிருந்து நாற்பது பேர் எப்படி வருவார்கள்? தாளில் இருக்கிற கணக்கை நம்புவதா, கண்ணை நம்புவதா?

எனக்குக் குழப்பம் வந்தால் அடுத்தது கோபம்தான் வரும். அது கோமதியின் தலையில் விடிந்தது. அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"உண்மையைச் சொல்லு. வீட்டுக்குப் போனியா, இல்ல டீக்கடைல உக்காந்து நிரப்பினியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "மேடம், இன்னொரு தபா சொல்லுங்க பாக்கலாம். பூட்டின வீட்டுக்கெல்லாம் மூணு தடவ போனேன். சாயந்திரம் ஏழு மணிக்குக்கூட போனேன். வாங்க, இப்பவே வாங்க, முப்பது வீட்டுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். ஒரு வீட்ல நான் எழுதினது தப்பா இருந்தா நான் வேலைய விட்டுடறேன்."

சரி வா என்று நானும் வீம்பாகக் கிளம்பினேன். ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டோம். முதல் வீடு. போர் இருந்தது. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு, போர் இருந்தது. வீட்டுக்காரர்கள் சலித்துக்கொண்டே மோட்டாரைப் போட்டுக்கூடக் காட்டினார்கள். பத்து வீடு ஆனது, பதினைந்து வீடு ஆனது, கோமதியின் படிவத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அவளுக்கு மேலும் மேலும் தெம்பு வந்தது, எனக்கு மேலும் மேலும் தலை சுற்றியது. வீடுகளைத் தேர்ந்தெடுத்ததில் யார் தலையீடும் இல்லை. போய்ப் பார்த்தவள் பொய் சொல்லவில்லை. கூட்டல் சரி. வகுத்தல் சரி. அப்புறம் அந்த நாற்பது பேர் எங்கிருந்து வந்தார்கள்? எங்கேயும் தப்பே இல்லை, ஆனால் மொத்தமும் தப்பு. இப்படி ஒரு நிலைமையில் நான் அதற்கு முன்பு மாட்டிக்கொண்டதே இல்லை.

பதினெட்டாவது வீட்டிலோ பத்தொன்பதாவது வீட்டிலோ நான் ஆட்டோவில் ஏறியபோது ஓட்டுநர் திரும்பிச் சிரித்தார்.

"உங்கள மாதிரி சவாரி தினம் கெடைக்கணும் மேடம். வண்டிய ரிவர்ஸே எடுக்க வேணாம். எல்லாம் முக்கு வூடாவே பாத்துப் போறீங்க, அப்படியே திருப்பினு போயிடறேன்."

"பேசாம ஓட்டுங்க" என்றேன்.

அடுத்த வீட்டு வாசலில் இறங்கினேன். இடப்பக்கம் ரோடு. எதிரேயும் ரோடு. அதற்கடுத்த வீட்டில் இறங்கினேன். இடப்பக்கம் ரோடு. எதிரேயும் ரோடு. நான் வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன். கோமதி "மேடம், மயக்கமா வருதா?" என்று தோளைப் பிடித்தாள்.

வரிசைக்கு எட்டு வீடு. நானும் எட்டு எட்டாகத் தாண்டினேன். முதல் வரிசையில் கடைசி வீட்டில் ஆரம்பித்தால், முப்பது வரிசையிலும் கடைசி வீடுதான் வரும். கடைசி வீடு என்றால் முக்கு வீடு, வரிசையின் முதல் வீடும் அப்படித்தான். மனை போட்டபோது முக்கு மனை பெரியது, விலையும் அதிகம். கையில் காசு இருந்தவர்கள் வாங்கினார்கள். இரண்டு பக்கமும் ரோடு இருப்பதால் போர் போடும் வண்டி பக்கவாட்டில் வந்து நிற்க இடம் இருந்தது. அடியில் பாறை, நானூறு ஐந்நூறு அடி இறக்கினால்தான் தண்ணீர். நடுவில் இருக்கும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை. அங்கே போர் போட நினைத்தாலும் வண்டி போகாது. ஆக நான் மல்லிகை நகரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மல்லிகை நகரின் முக்கு வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதை வைத்து நடு வீட்டுக்காரர்களின் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள்.

கோமதியிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னித்துவிடவில்லை, இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அது அவள் உரிமை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், வேறு நோட்டு எடுத்து வேறு வீட்டில் ஆரம்பித்திருக்கலாமே என்று. அதைத்தான் செய்தேன். அன்று மத்தியானமே இன்னொரு நோட்டை எடுத்தேன். கடைசி இலக்கம் ஐந்து. ஐந்தாவது வீடு, பதின்மூன்றாவது வீடு, இருபத்தோராவது வீடு. இரண்டு பேரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அன்றைக்கும் மறுநாள் காலையிலுமாக முடித்தோம். முப்பதில் இரண்டே வீட்டில்தான் போர். தொண்ணூறு சதவீதம் இருந்த இடத்தில் ஏழு சதவீதம்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

"மேடம், அப்ப எது நிஜம்?" என்றாள் கோமதி.

"ரெண்டும் இல்ல."

"எப்படி மேடம் ரெண்டும் இல்லாம போகும்? ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதானே எடுத்தோம்?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் அந்தப் பதில் எனக்கே ஜீரணமாகவில்லை. ஒன்பதோ சைபரோ வந்தால் வேறு நோட்டு எடுப்போம், ஒன்று முதல் எட்டு வரை எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். எட்டையும் தனித்தனியாக எடுத்து, எட்டு தடவையும் போய்ப் பார்த்து, எட்டு விடைகளுக்கும் சராசரி போட்டால் நிஜம் துல்லியமாக வந்துவிடும். ஆகவே முறை சரி, பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும். ஆனால் நாம் எட்டு தடவையா போகிறோம்? ஒரே ஒரு தடவைதான் போகிறோம். அந்த ஒரு தடவை முக்கு வீட்டில் விழுந்தால், சராசரியில் சரி என்பது மலர்க்கொடிக்கு என்ன உபயோகம்? அவள் வீட்டுக்கு எட்டு லாரியின் சராசரியா வரும்?

உங்களுக்குச் சொல்கிறேன், பட்டியல் எழுதுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒரு தடவை சுற்றி நடங்கள். வீடுகள் என்ன ஒழுங்கில் வரிசைப்பட்டிருக்கின்றன, உங்கள் தாண்டல் அந்த ஒழுங்கோடு காலைச் சேர்த்து நடக்கிறதா என்று பாருங்கள். ஏழு நாளுக்கு ஒரு நாள் என்று கடைக் கூட்டத்தை எண்ணினால் எப்போதும் ஒரே கிழமைதான் விழும், அதுவும் இதே கோளாறுதான். சீட்டு எழுதிக் குலுக்கி முப்பது வீட்டைத் தனித்தனியாக எடுத்திருந்தால் எனக்கு இந்த வம்பே இல்லை. அரை மணி நேரம் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்.

நாங்கள் மரத்தடியில் இருந்ததை மலர்க்கொடி பார்த்துவிட்டாள். மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் தொங்க, வண்டியை அணைக்காமலேயே காலை ஊன்றி நின்றாள். அன்று அலுவலகத்தில் நான் பேசிய பேச்சுக்கு என்னைப் பார்க்காமல் போயிருக்கலாம், ஆனால் நின்றாள். தப்பு என்னுடையதுதான் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு தாளையும் காட்டினேன். அவள் ஏழு சதவீதம் என்ற தாளின்மேல் விரலை வைத்தாள்.

"இது எங்கள மாதிரி வூடுங்கதானே? இதையே அனுப்புங்க மேடம். இன்னிக்கே லாரி வந்துடும்ல?"

வந்துவிடும். அதுதான் சிக்கல். திருத்திய அறிக்கை என்று தலைப்புப் போட்டு இந்த ஒரு தாளை மட்டும் கொடுத்தால் சாயந்திரமே லாரி வந்துவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. முதல் தடவை தப்பு நடந்துவிட்டது, சரி செய்துவிட்டேன் என்றால் முடிந்தது. ஆனால் அதுவும் பொய். முக்கு வீட்டுப் பொய்க்குப் பதில் நடு வீட்டுப் பொய். இங்கே ஒரு லாரி திரும்பி வந்தால் வேறு எங்கோ ஒரு லாரி குறையும். அங்கே எத்தனை பச்சைக் குழந்தை இருக்கிறதோ, எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்த குழந்தை இவள் வீட்டுக் குழந்தை ஒன்றுதான். அதற்காக எழுதினால், ஒரு வீட்டை வைத்துக் கணக்கை மாற்ற முடியாது என்று இவளிடமே சொன்னேனே, அதற்கு என்ன அர்த்தம்?

"ரெண்டையும் காட்டித்தான் கேக்கணும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது.

எங்கள் அதிகாரி கெட்டவர் இல்லை, ஆனால் அவசரக்காரர். இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, போன தடவ தொண்ணூறுனு குடுத்தீங்க. இப்ப ஏழுனு குடுக்கறீங்க. நான் எதை மேல அனுப்பறது?"

"ரெண்டையும் அனுப்புங்க சார். தப்பு எப்படி நடந்துச்சுன்னும் எழுதியிருக்கேன். சரியா எண்ணி முடிக்கிற வரைக்கும் பழையபடி லாரி போகட்டும்னு கேளுங்க."

"ரெண்டையும் அனுப்பினா லாரிக்காரன் பாதி வழில நிப்பானா? இவங்களுக்கே கணக்கு தெரியலனு நம்மளத்தான் சிரிப்பாங்க. உங்க கணக்க ஒண்ணா ஆக்கிக்கினு வாங்க. ஒரு நம்பர் குடுங்க, அன்னிக்கே போன் பண்றேன்."

நான் எவ்வளவோ கெஞ்சினேன். கோபப்பட்டுக்கூடப் பார்த்தேன். மேசையைத் தட்டினேன், அவர் எனக்கும் ஒரு டீ சொல்லி உட்காரச் சொன்னார், அவ்வளவுதான். குழப்பத்தோடு போய் நின்றால் யாரும் எதையும் செய்ய மாட்டார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். தப்பாக இருந்தாலும் தெளிவாக ஒரு எண் சொன்னபோது நாலு நாளில் லாரியையே நிறுத்தினார்கள். உண்மையைச் சொல்லி, எனக்கு இன்னும் தெரியவில்லை என்றபோது ஒரு போன்கூடப் போடவில்லை.

இனி மாதிரி கீதிரி எதுவும் வேண்டாம், இருநூற்று நாற்பது வீட்டையும் பார்த்துவிடலாம் என்று கோமதியும் நானும் இறங்கினோம். முதல் நாள் வேகமாகப் போனது. இரண்டாம் நாள் பௌர்ணமி. ஊர் முழுக்கக் கிரிவலக் கூட்டம், ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை, பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அன்றைக்கு வீணாகப் போனது. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். பட்டியலில் முதல் வரிசையிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தோம். மொத்த வீட்டையும் பார்க்கும்போது எந்த வரிசையில் ஆரம்பித்தால் என்ன? ஒன்றும் இல்லை. ஆனாலும் பழக்கம், ஒன்றிலிருந்துதான் தொடங்கினேன்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கில் ஒரு வீட்டுக்குக் கொஞ்சம் மேல் போர் இருந்தது. மீதி வீடுகளில் இல்லை. அன்று சாயந்திரம் அந்த எண்ணைக் கொடுத்தேன், அதிகாரி சொன்னபடி உடனே போன் செய்தார், மறுநாள் காலை லாரி போனது. வேலை என்று பார்த்தால் இதோடு முடிந்தது. தப்பு நடந்தது, கண்டுபிடித்தோம், மறைக்காமல் சொன்னோம், திருத்தினோம். உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் சேர்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏழு சதவீதத் தாளை மட்டும் கொடுத்திருக்க வேண்டுமோ என்று நான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்திருக்கக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிவுக்கு வருவேன். பத்து நாள் கழித்து மறுபடி யோசிப்பேன். உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் எழுந்து சொல்லுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.

மலர்க்கொடியின் வீடு கடைசி வரிசையில் மூன்றாவது வீடு. எட்டில் ஆரம்பித்தபோதும் அது வரவில்லை, ஐந்தில் ஆரம்பித்தபோதும் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் அங்கே போய்ச் சேர்ந்தோம். கதவு திறந்திருந்தது. கூடத்தில் உத்திரத்திலிருந்து ஒரு கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, தூளிச் சேலையைக் காணோம். மலர்க்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து பாயை விரித்தாள்.

"வாங்க மேடம். கடைசில எங்க வூட்டுக்கும் வந்துட்டீங்க."

அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கோமதி படிவத்தை எடுத்தாள். போர் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, எல்லாம் சட்டென்று முடிந்தது. கடைசிக் கேள்விக்கு வந்தாள்.

"இன்னிக்கு இந்த வீட்ல தண்ணி புழங்கறவங்க எத்தனை பேருக்கா?"

மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"காலைல வந்திருந்தீங்கனா மூணுனு சொல்லியிருப்பேன்மா. பத்து மணிக்கு பொண்ணோட மாமியாரு போளூர்லேர்ந்து கார் எடுத்தாந்து ரெண்டு பேரையும் கூட்டினு போயிட்டாங்க. அஞ்சு மாசம் வச்சிருக்கலாம்னு இருந்தேன். தண்ணி இல்லாத வூட்ல பச்சப் புள்ளய எப்படி வச்சிப்பீங்கனு கேட்டாங்க. கேட்டதுல இன்னா தப்பு இருக்குது? அது பொறந்து பதினெட்டு நாள்தான் ஆச்சு, இன்னும் மொகம்கூட எனக்கு சரியா பிடிபடல."

கோமதி பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள். மலர்க்கொடிதான் சொன்னாள்.

"எழுதிக்கோம்மா. ஒண்ணு."